வெறுங்காலுக்கு ஒரு சுவிட்ச்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் கைமாறும் பொருள்களுக்கு ஒரு குணம் உண்டு. எதுவும் முழுசாக வராது. ஐப்பசி, கார்த்திகையில் வந்து வீடு பிடிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மாசி கடந்து வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். விசா முடிந்திருக்கும், அல்லது கையிருப்பு. சிலருக்குத் தேடலே முடிந்திருக்கும். அவர்கள் விட்டுப்போகிற மெத்தையும் மிக்சியும் சைக்கிளும் வீட்டுக்காரர் வழியாகவோ வேலைக்கு வந்த அம்மா வழியாகவோ ரமண நகர் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். மிக்சி வரும், சின்ன ஜாரின் மூடி வராது. சைக்கிள் வரும், பூட்டின் சாவி வராது. எனக்கு அப்படி வந்து சேர்ந்தது ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர். அமெரிக்கத் தயாரிப்பு, எண்பதுகளின் டிரான்சிஸ்டர் ஆம்ப். ஒருவர் தூக்கினால் மாடிப்படி பாதியில் மூச்சு வாங்கும். நம் ஊர் 230 வோல்ட்டை அதன் 120க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கூடத் துணைக்கு வந்தது. பின்பக்கத்தில் ‘ஃபுட் சுவிட்ச்’ என்று எழுதிய ஓட்டை ஒன்று இருந்தது. அதில் செருக வேண்டிய சாமானைத்தான் காணோம்.

கிட்டார் வாசிக்காதவர்களுக்கு இரண்டு வரி. இந்த ஆம்ப்பில் இரண்டு சேனல்கள். ஒன்றில் கம்பியின் ஒலி தெளிவாக வரும். மற்றதில் அதையே வேண்டுமென்று மிகைப்படுத்தி, கரகரப்பேற்றி வெளியே விடும். பாட்டுக்குப் பின்னால் தாளம் போட ஒன்று, இடையிசையில் முன்னால் வந்து நிற்க ஒன்று. இது போக ரிவெர்ப் என்கிற எதிரொலி. சின்ன அறையில் வாசிப்பதைக் கல்மண்டபத்தில் வாசிப்பதாகக் காட்டும். இவற்றுக்கு ஆம்ப்பின் முன்பக்கத்திலேயே பொத்தான்கள் உண்டு. ஆனால் வாசிப்பவரின் இடக்கை கிட்டாரின் கழுத்தில், வலக்கை கம்பியில். பாட்டு ஓடும்போது குனிந்து பொத்தான் அழுத்த மூன்றாவது கை கிடையாது. அதனால்தான் கால். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1955இல் கொண்டுவந்த ட்ரெமொலக்ஸ் ஆம்ப்பில், ஒலியை நடுங்க வைக்கும் அமைப்பைக் காலால் போடவும் நிறுத்தவும் வழி இருந்தது. 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், கரகரப்பைத் தனிப் பெட்டியாக்கித் தரைக்கே இறக்கிவிட்டது. அதிலிருந்து மின்கிட்டார்காரர்களின் காலடியில் பெட்டிகள் பெருகியபடியே இருக்கின்றன.

கை இரண்டும் வேலையில் இருக்கும்போது காலிடம் ஒரு முடிவை ஒப்படைப்பது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. இதே மாவட்டத்தில், ஆரணியில், குழித்தறியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியைப் பார்த்தால் தெரியும். ஒரு கை நாடாவை ஓட்டுகிறது, மறுகை ஊடையை அடித்து நெருக்குகிறது. குழிக்குள் தொங்கும் கால்களுக்குக் கீழே மிதிகள். ஒரு மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் ஒரு பாதி மேலேறி மறு பாதி தாழும். இடையில் திறக்கிற வழியில் நாடா ஓடும். அடுத்த மிதியில் மேலது கீழாகும், கீழது மேலாகும். இரண்டே நிலைகள். மாற்றிப் போடுவது கால். மின்சாரம் மட்டும்தான் இல்லை; மற்றபடி அது சேனல் சுவிட்ச்தான். நாடகக் கொட்டகைகளில் காலால் காற்றடித்து வாசித்த பெடல் ஆர்மோனியமும் இருந்தது. ஆனால் அங்கே காலுக்கு மூச்சு கொடுக்கும் வேலை மட்டும்தான். என்ன ஒலி என்று தீர்மானிப்பது விரல்களே. தறியில்தான் கால் யோசிக்கிறது.

இருந்தாலும் இசைக்கருவி என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் காலுக்கு இடம் கிடையாது. வீணை உறையில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எங்கள் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் ஆம்ப்பைப் பார்க்க வந்தார். விளக்கினேன். “மிதிக்கறதுக்குன்னே ஒரு வாத்தியமா?” என்றார். “வாத்தியம் இல்ல மாமி, சுவிட்ச்.” “சுவிட்ச்சும் அதோட அங்கம்தானேப்பா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்ப் புராணத்தைத்தான் துணைக்கு இழுக்க முடிந்தது. பிரம்மா அன்னமாகி முடியைத் தேடப் பறந்ததும், திருமால் பன்றியாகி அடியைத் தேட நிலத்தைக் குடைந்ததும் இந்த மலைக்குச் சொல்லும் கதை. அடி தேடிப் போன திருமாலே தோற்றுத் திரும்பிய ஊரில் நான் கால் சுவிட்ச் தேடக் கிளம்பினேன்.

ஊருக்குக் கிட்டார் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்குமுன் பிறருடைய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர். ‘இரமண மாலை’ என்ற பாடல் தொகுப்பு அவருடையது. ஆசிரமத்துக்கு அடிக்கடி வருகிறவர். சீசன் மாதங்களில் செங்கம் சாலை மொட்டைமாடி உணவகங்களில் பஜனும் ப்ளூஸும் ஒரே கிட்டாரில் மாறி மாறிக் கேட்கும். கோயில் திருவிழா என்றால் மெல்லிசைக் குழுக்கள் வரும். ஆனால் நம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலும் ஆம்ப் வைத்துக்கொள்வதில்லை. காலடியில் ஒரு ப்ராசஸர்; அதிலிருந்து நேராக மிக்சருக்கு ஒரு வயர். ஆம்ப் இல்லாத இடத்தில் ஆம்ப்பின் உதிரிபாகம் எப்படி இருக்கும்?

ஆகவே பெருநகரக் கடை ஒன்றுக்குப் போன் போட்டேன். மாடல் நம்பர் கேட்டார்கள். சொன்னேன். அது நின்று எத்தனையோ காலமாயிற்று சார், பொதுவான சுவிட்ச் இருக்கிறது, லாட்ச் வேண்டுமா மொமன்டரி வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுவரில் இருக்கிற லைட் சுவிட்ச், லாட்ச் வகை. போட்டால் போட்டபடி நிற்கும். காலிங்பெல் பொத்தான் மொமன்டரி; விரலை எடுத்தால் விட்டுவிடும். சில ஆம்ப்கள் முதலாவதை எதிர்பார்க்கின்றன, சில இரண்டாவதை. மாற்றிச் செருகினால் உடைந்து போகாது, ஆனால் பைத்தியம் பிடித்தாற்போல நடந்துகொள்ளும். பாஸ் நிறுவனம் ஒரே அச்சில் இரண்டையும் விற்கிறது. எஃப்.எஸ்-5எல் என்றால் லாட்ச், எஃப்.எஸ்-5யு என்றால் மொமன்டரி. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். என் ஆம்ப்புக்கு எது? கடைக்காரருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. விட்டுப்போனவர் எந்தக் கண்டத்தில் இருக்கிறாரோ. தெரிந்தது ஆம்ப்புக்கு மட்டும்தான். அதைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு ஜாக் வேண்டும். ஊரில் அது கிடைக்கிற இடம் மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள்தான் தமிழ்நாட்டின் உண்மையான ஒலிப் பொறியாளர்கள் என்பது என் நெடுநாள் எண்ணம். கடைக்காரர் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சார், மைக்கா?”

“இல்லண்ணே. பி-38 ஸ்டீரியோ ஒண்ணு வேணும்.”

“ஸ்டீரியோவா? மைக்குக்கு மோனோதான சார் போடுவாங்க?”

சொன்னேன். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, பின்மூடியைத் திருகிக் கழற்றி என் முன்னால் வைத்தார். கால் அங்குலப் பருமனுள்ள அந்தச் செருகியை உலகம் பலவிதமாக அழைக்கிறது; நம் கடைகளில் பி-38 என்றால்தான் எடுத்துத் தருவார்கள். உள்ளே மூன்று காதுகள். குட்டையான ஒன்று கூர்முனைக்கு, அதாவது டிப்புக்கு. பக்கத்தில் உள்ளது நடு வளையத்துக்கு, ரிங்குக்கு. நீளமாக நாக்குபோல நீண்டு வயரைக் கவ்விக்கொள்வது பாடி. இரண்டு கோர் மைக் வயரில் ஒரு துண்டு வெட்டி, மூன்றையும் அவரே ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். மறுமுனையில் மூன்று கம்பிகளும் வெறுமனே விரிந்து நின்றன. இதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். என்ன ஆகிறதென்று வந்து சொன்னால் போதும் என்றார்.

ஆம்ப்பைக் கேட்கிற முறை இதுதான். ஜாக்கைச் செருக வேண்டும். முதலில் மல்டிமீட்டரை வைத்து அந்தக் கம்பிகளில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் பெரும்பாலும் ஒரு டார்ச் லைட்டுக்குப் போதுமான அளவுதான் இருக்கும். பழைய வால்வு ஆம்ப்களில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம், கையை யோசித்து வைக்க வேண்டும். பிறகு கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, டிப்பிலிருந்து வரும் கம்பியைப் பாடிக் கம்பியோடு தொட வேண்டும். தொட்டேன். ஆம்ப்புக்குள் ‘டப்’ என்று சின்னதாக ஒரு சத்தம், ரிலே இடம் மாறுகிற சத்தம். தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்த கம்பி கரகரத்தது. பிரித்தேன், பழையபடி தெளிந்தது. தொட்டிருக்கும்வரை ஒரு சேனல், விட்டால் மறு சேனல். அப்படியென்றால் லாட்ச். ஒருமுறை தொட்டு விட்டபின்னும் மாறியபடியே நின்றிருந்தால் மொமன்டரி என்று அர்த்தம். நினைவு வைத்துக்கொள்கிற வேலையை ஆம்ப்பே பார்க்கிறது, சுவிட்ச் தோளைத் தட்டினால் போதும். என்னுடையதில் அந்த நினைவு சுவிட்ச்சிடம்தான் இருக்க வேண்டும்.

இனி ரிங் கம்பி. அதைப் பாடியோடு தொட்டதும் ரிவெர்ப் அணைந்துவிட்டது. முதல் கம்பியில் சேர்த்தால் ஒன்று வருகிறது, இரண்டாவதில் சேர்த்தால் ஒன்று போகிறது. இது கோளாறு அல்ல. ஒரு பழைய வழக்கத்தின் மிச்சம். ஃபெண்டர் 1963இல் வைப்ரோவெர்ப் என்ற ஆம்ப்பில் முதன்முதலாக ரிவெர்ப்பை உள்ளேயே வைத்தது. ஒரு தகரத் தொட்டிக்குள் ஸ்பிரிங்குகள். ஒலி அதில் ஒரு முனையில் நுழைந்து ஆடி அசைந்து மறுமுனையில் எதிரொலியாக வெளியேறும். ஆம்ப்பைக் காலால் இடித்தால் இடி இடிக்கும் சத்தம் வருவது அதனால்தான். அந்தக் காலத்து ஃபெண்டர்களில் ரிவெர்ப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்றால் சுவிட்ச் அதன் ஒலியைப் பாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடும். ஒலியை நடுங்க வைக்கும் வைப்ரேட்டோவோ நேர்மாறு. சுவிட்ச் கம்பியைப் பாடியோடு சேர்த்தால்தான் அது விழிக்கும். சுவிட்ச் தொலைந்துபோன பழைய ஃபெண்டரில் வைப்ரேட்டோ செத்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. ஓர் ஆர்.சி.ஏ. பிளக்கின் இரு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்துச் செருகினால் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டதில் ஒரு லாபம் இருக்கிறது. அந்தப் பழைய ஆம்ப்களில் ரிவெர்ப்பின் ஒலியே சுவிட்ச் வயர் வழியாகக் காலடிக்கு வந்து போகிறது. அதனால் வலைக்கவசம் போட்ட வயர் வேண்டும், சுவிட்ச்சும் இரும்புப் பெட்டிக்குள் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ட்யூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் ஸ்பீக்கரில் வந்து ரீங்கரிக்கும். பிற்கால ஆம்ப்கள் பலவற்றில் ஒலி உள்ளேயே இருந்துகொள்கிறது. வயரில் வருவது ‘மாற்று’ என்கிற கட்டளை மட்டும். என்னுடையது அந்த வகை என்று மீட்டர் சொன்னது. எந்த வயரானாலும் சரி, எந்தப் பெட்டியானாலும் சரி.

அதாவது எனக்கு வேண்டியது ‘அந்த மாடல் ஆம்ப்பின் ஃபுட் சுவிட்ச்’ அல்ல. மிதித்தால் இரண்டு கம்பிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மறுபடி மிதித்தால் பிரித்துவிடுகிற ஏதோ ஒன்று. பெயரைச் சொல்லித் தேடியபோது இந்தியா முழுக்க இல்லாத சாமான், வேலையைச் சொல்லித் தேடியதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியிலேயே தட்டுப்பட்டது. எலக்ட்ரிக்கல் கடையில் காலிங்பெல் பொத்தான். அது மொமன்டரி, எனக்கு ஆகாது. கீபோர்டுக்கு விற்கிற சஸ்டெய்ன் பெடலும் அப்படியே. மொமன்டரி ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிச் செருகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தையல் மிஷின் மோட்டாரின் பெடல் பார்க்கப் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் அது சுவிட்ச் அல்ல, அழுத்த அழுத்த வேகம் கூட்டுகிற கருவி. கடைசியாக லாரி ஸ்பேர்ஸ் கடையில் கண்ணில் பட்டது டிப்பர் சுவிட்ச்.

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிளட்ச்சுக்கு இடப்புறம் தரையில் காளான் குடைபோல ஒரு பொத்தான். எதிரே வண்டி வந்தால் இடக்காலால் ஒரு மிதி, ஹெட்லைட் தாழும். கடந்து போனதும் இன்னொரு மிதி, ஏறும். கரண்ட் உள்ளே வர ஒரு முனை, வெளியே போக இரண்டு முனை. ஒவ்வொரு மிதிக்கும் மாறி மாறி இணைக்கும். இதைவிட லாட்ச்சான லாட்ச் ஏது? அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. புது வண்டிகளில் இந்த வேலை ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் கைப்பிடிக்குப் போய்ப் பலகாலம் ஆகிறது. பழைய லாரிகளுக்காக இன்னும் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாங்கினேன், எடுத்துக் கொடுத்த பையன் என்ன வண்டி என்று கேட்டான். கிட்டார் என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஊரில் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1896இல் வந்த வேங்கடராமன் என்ற பையன், பிற்பாடு ரமணர் ஆனவர், தொடக்க ஆண்டுகளில் கௌபீனம் கிழிந்தபோது யாரிடமும் ஊசி நூல் கேட்கவில்லை. ஒரு முள்ளை எடுத்து, இன்னொரு முள்ளால் அதன் அடியில் துளை போட்டு, நூலைக் கௌபீனத்திலிருந்தே உருவித் தைத்துக்கொண்டார் என்று ஆசிரமத்துப் பழைய நூல்களில் வருகிறது. இன்னொரு சம்பவம். வேலூர் ஊரீசு கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, நிஷ்காம கர்மம் என்றால் என்ன என்று கேட்கிறார். பதில் இல்லை. பிறகு மலையேறும்போது வழியில் கிடந்த முள்கொம்பு ஒன்றை ரமணர் எடுத்து உட்கார்ந்து, முள்ளைச் சீவி, கணுவைச் சமப்படுத்தி, சொரசொரப்பான இலையால் தேய்த்து வழவழப்பாக்குகிறார். ஏறத்தாழ ஆறு மணிநேர வேலை. அந்த நேரம் பார்த்துக் கைக்கோலைத் தொலைத்துவிட்டு நிற்கிற ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் வர, அவனிடம் கொடுத்துவிடுகிறார். பண்டிதர் தன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொன்னாராம். கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் பையனில் போய் முடிப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த இலைதான். உப்புத்தாளின் வேலையைச் செய்யக்கூடிய இலை எந்தச் செடியில் இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது.

டிப்பர் சுவிட்ச்சுக்குத் திரும்பினால், அது வேலை செய்தது. நன்றாகவே செய்தது. ஆனால் போகப்போக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. சில சமயம் மிதித்தால் மாறும், சில சமயம் இரண்டுமுறை மிதிக்க வேண்டியிருக்கும். மைக்செட் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பத்தாது சார், தீனி பத்தாது” என்றார். அதுதான் விஷயம். 12 வோல்ட்டில் 60 வாட் பல்ப் என்றால் 5 ஆம்பியர். அந்தச் சுவிட்ச்சின் உள்முனைகள் அவ்வளவு கரண்ட் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. உலோகத்தின் மேல் காற்று பட்டு மெல்லிய கறை படிவது இயல்பு. பெரிய கரண்ட் ஒவ்வொரு தடவையும் அதைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டு பாயும். ஆம்ப் அனுப்புவதோ மில்லி ஆம்பியர் கணக்கு. அதற்கு அந்தக் கறையே சுவர். சின்ன கரண்ட்டுக்கான சுவிட்ச்களில் தொடுமுனைக்குத் தங்கமுலாம் பூசுவது ஆடம்பரம் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. வேலையைச் சொல்லித் தேடும்போது வேலையின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஃபெக்ட்ஸ் பெட்டிகளில் போடுகிற, நீல உடம்பும் ஒன்பது காலும் உள்ள சுவிட்ச் இரண்டைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். ஒன்பது காலில் எனக்கு இரண்டே போதும். மிச்சம் ஏழும் சும்மா.

பெட்டிக்குள் வைக்கும்முன் ஒரு காரியம் இருந்தது. இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். கிட்டாரின் கம்பிகள், ஆம்ப்பின் இரும்புச் சட்டம், கால் சுவிட்ச்சின் பாடி, மூன்றும் மின்சாரக் கணக்கில் ஒன்று. வாசிப்பவரின் விரல் எப்போதும் அதன்மேல்தான் இருக்கிறது. நம் ஊரில் கால் சிமெண்ட் தரையில், அதுவும் வெறுங்காலாக. மலிவான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவும் ஒரே சுருளில் நடுவே வெட்டி எடுக்கிற வகை. வீட்டு மெயினிலிருந்து ஆம்ப்பைப் பிரித்து வைக்காது. அதோடு அவற்றின் 120 வோல்ட் பக்கத்தில் இரண்டு ஓட்டைதான் இருக்கும், எர்த் அங்கேயே அறுந்துவிடும். பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாததும் சகஜம். கம்பியைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோலச் சுருசுருவென்றால் அது ஆம்ப்பின் குணம் அல்ல, எச்சரிக்கை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்து, உள்ளே இரண்டு சுருளும் தனித்தனியாக உள்ள, மூன்று ஓட்டை டிரான்ஸ்ஃபார்மராக மாற்றிய பிறகுதான் சுவிட்ச் வேலையைத் தொடர்ந்தேன்.

அந்த வெறுங்கால்தான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. வெளிநாட்டில் செய்கிற கால் சுவிட்ச்கள் பூட்ஸுக்காகச் செய்யப்பட்டவை. விரற்கடை அகல உலோகக் குமிழ், கீழே விறைப்பான ஸ்பிரிங். பூட்ஸ் போட்ட காலுக்கு அது இதமான ‘கிளிக்’. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற காலுக்கோ பெருவிரலடியில் கூழாங்கல்லை வைத்து அழுத்துகிற வேதனை. வெறுங்காலில் கிரிவலம் வந்தவர்களுக்குத் தெரியும், பதினாலு கிலோமீட்டரில் நினைவில் நிற்பது எந்தக் கல் என்று. தொலைந்துபோன அசல் சுவிட்ச் நாளைக்கே திரும்பிக் கிடைத்தாலும் இந்த வீட்டில் அது வேண்டாத விருந்தாளிதான்.

ஆகவே தறியிடம் போனேன். குழித்தறியின் மிதி குமிழ் அல்ல, பலகை. பாதம் முழுக்கப் பதியும். பலமும் ஒரே புள்ளியில் விழாது. தச்சர் ஒருவரிடம் பழைய கதவுச் சட்டத்தில் மிஞ்சிய மரத்தை வாங்கி, முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த சரிவான பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். மேலே பாதி பாதியாக இரண்டு பலகைகள். ஒவ்வொன்றும் பின்பக்கம் கீலில் ஆடும். முன்பக்கத்தின் அடியில் நீல சுவிட்ச்சின் குமிழ். பலகையை எந்த இடத்தில் மிதித்தாலும் குமிழ் இறங்கும். முன்நுனியில் மிதித்தால் லேசாக இருக்கும், கீலுக்குப் பக்கத்தில் மிதித்தால் பலம் கேட்கும். ஆகவே கால் தானாக முன்னால் போகக் கற்றுக்கொள்கிறது. குமிழ் தரைவரை அடிபட்டு நொறுங்காமலிருக்கப் பலகைக்கு அடியில் சைக்கிள் ட்யூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு. ‘கிளிக்’ சத்தமும் அதில் பாதி அமுங்கிவிட்டது. தெருவிலுள்ளவர்கள் தியானத்தில் உட்காரும் நேரங்களில் இது சின்ன உபகாரமல்ல. எல்.இ.டி. விளக்கு வைக்கவில்லை. எந்தச் சேனலில் இருக்கிறோம் என்று விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர் கிட்டாரைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒரு விளக்கும் ஒரு ரெசிஸ்டரும் கூடுதலாக வாங்கிக்கொள்ளட்டும்.

மாமி மறுபடி வந்தபோது பெட்டியைப் பார்த்தார். மணைப்பலகை மாதிரி இருக்கிறது என்றார். மிதித்துக் காட்டினேன். முகம் சுளிக்கவில்லை, நானும் பழைய பேச்சை எடுக்கவில்லை.

அடிப்பலகையைத் திருகி மூடும்முன் மைக்செட் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வயர் வெளியேறுகிற ஓட்டைக்கு உள்ளே ஒரு முடிச்சு போடச் சொன்னார். யாராவது தடுக்கி வயரை இழுத்தாலும் ஈயம் பிடுங்காது. நான் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, தொலைந்துபோன சுவிட்ச்சோடு எனக்கு வந்து சேராமல்போன விவரத்தை எழுத ஆரம்பித்தேன். எதிலிருந்து எது, எதைச் சேர்த்தால் என்ன ஆகும், என்ன வகை சுவிட்ச். ஆம்ப்பும் பெட்டியும் எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகும். இந்தத் தெருவில் சாமான்களின் வழக்கம் அது. ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருப்பேன், அவர் எட்டிப் பார்த்தார்.

“தமிழ்ல எழுது சார். நாளைக்கு ரிப்பேருன்னா பிரிச்சுப் பாக்கப் போறது நான்தான?”

அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன்: டிப், சேனல். ரிங், ரிவெர்ப், சேர்ந்தால் அணையும். பாடி, இரண்டுக்கும் பொது. இரண்டும் லாட்ச். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: எர்த் பார்க்கவும்.